மூன்றாம் முறை வந்த வண்டி

டார்லீனின் மோட்டார் சைக்கிள் மூன்றாம் முறையாக ஓரெஸ்டின் பட்டறைக்கு டிரக்கில் ஏறி வந்தது. கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் நானூறு பேர் வாழும் அந்த ஊரில் முப்பது வருடமாக வண்டி பழுது பார்ப்பவர் அவர். ஒரு வண்டி இரண்டாம் முறை வந்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"நெடுஞ்சாலையிலேர்ந்து இடது பக்கமா ஊருக்குள்ள திரும்பறேன், பொட்டுனு அணைஞ்சுடுச்சு. எதிர்ல கோதுமை லாரி! இன்னும் ரெண்டடி வந்திருந்தா என்னை அள்ளித்தான் எடுத்திருக்கணும்," என்றாள் டார்லீன். ஆஸ்பத்திரி நர்ஸ், எதற்கும் பதறாதவள். அன்று சாவியை அவர் பக்கம் தள்ளினாள். "முடியலன்னா சொல்லிடுங்க ஓரெஸ்ட், வித்துடறேன்."

"முன்னாடி எவனோ ஒரு கழுதை ஒயர்ல கை வச்சிருக்கான். நாளைக்கு வா, சரியாயிடும்," என்றார். குரலில் இருந்த தெம்பு மனதில் இல்லை.

பேட்டரியையும் சாவி சுவிட்சையும் முன்பே மாற்றியாகிவிட்டது. இப்போதும் வழக்கம்போல முன்சக்கரத்தைத் தரையில் பதித்த இடுக்கியில் நேராக இறுக்கி நிறுத்தி, ஒயர் ஒயராக மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் நலம் என்றே மீட்டர் சாதித்தது. என்ஜின் ஒரு மணி நேரம் இருமாமல் ஓடியது. ஸ்பேனரைச் சுவரில் எறிந்தார்.

"கண்ணு முன்னாடி நிக்காதே, போ!" என்று வண்டியையே திட்டி, இடுக்கியைக் கழற்றி, ஓடும் என்ஜினோடு வெளியே தள்ளினார். கதவு இடது பக்கம். கைப்பிடியைத் திருப்பினார். வண்டி செத்தது. நேராக்கி ஸ்டார்ட் செய்தார், ஓடியது. திருப்பினார், செத்தது.

இத்தனை நாளும் இடுக்கி கைப்பிடியை அசையவே விடவில்லை. இது கூடத் தோன்றாத மண்டை என்ன மண்டை!

பெட்ரோல் டாங்கைத் தூக்கினார். கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதியில் ஒயர்களைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தது. திரும்பும்போதெல்லாம் இழுபட்டு, மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. கட்டின பிளாஸ்டிக் பட்டையின் வால் நகவெட்டியால் மழமழவென்று நறுக்கப்பட்டிருந்தது. அந்த வட்டாரத்திலேயே அப்படி நறுக்குகிறவர் ஒருவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் குளிருக்காகக் கைப்பிடியைச் சூடாக்கும் கருவியை அவர் மாட்டியபோது, "என்ன சுத்தமான வேலை!" என்று டார்லீன் படம்கூட எடுத்தாள்.

ஓரெஸ்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு எழுந்து புது ஒயர் பற்றவைத்து, தாராளமாகத் தொய்வு விட்டுக் கட்டினார்.

மறுநாள் டார்லீன் சிரித்துக்கொண்டே வந்தாள். "அந்தக் கழுதை கெடைச்சானா?"

"கெடைச்சான்." அறுத்தெடுத்த பட்டையை அவள் கையில் வைத்தார். "நான்தான்."

அவள் அந்த நறுக்கிய வாலைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"ஸ்டார்ட் பண்ணுங்க. இடது பக்கம் திருப்புங்க."

திருப்பினார். என்ஜின் ஓடியது.

"இன்னொரு தரம்."

பத்து தரம் திருப்பியும் அவள் போதும் என்று சொல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை.