காலில்லாத பறவையின் படம்

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில், எழுபதுகளின் கடைசியில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். கப்பலேறி நாடு பிடிக்கப் போன காலத்தில் அச்சான மிருகப் படங்களைச் சுவரெல்லாம் மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தார். வரைந்தவர்களில் பாதிப் பேர் அந்த மிருகங்களைக் கண்ணால் கண்டதில்லையாம். காண்டாமிருகத்துக்கு இரும்புச் சட்டை மாட்டி ஆணி அடித்திருந்தார்கள். திமிங்கலத்துக்குப் பன்றி மூஞ்சி. நீளத் தோகை வைத்த ஒரு பறவைக்குக் காலே இல்லை. தீவுக்காரர்கள் காலை வெட்டிவிட்டுத் தோலை மட்டும் விற்றார்களாம். வாங்கிப்போன மாலுமிகளின் ஊரிலோ, அது பிறவியிலேயே காலில்லாதது, சாகும்வரை தரையிறங்காது என்று எழுதி வைத்துவிட்டார்கள். இதை அவர் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, போதாததற்குப் பகுத்தறிவுக்காரர். வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்தி அந்தக் கதையைச் சொன்னார்.

விசா முடிந்து வெள்ளைக்காரர் போனார். படங்கள் சுவரிலேயே தங்கிவிட்டன. காற்று வருமென்று, தலைப்பிரசவத்துக்கு வந்த அக்காவை அந்த அறையில்தான் படுக்க வைத்தோம். பிள்ளைத்தாய்ச்சி எதைப் பார்க்கிறாளோ அதுபோலப் பிள்ளை பிறக்கும் என்பார்கள். அம்மா தவழும் கிருஷ்ணர் காலண்டரைக் கொண்டுவந்து காண்டாமிருகத்தின் மேல் மாட்டினாள். பறவை அழகாகத்தானே இருக்கிறது என்று அதை விட்டுவிட்டாள்.

ஆண் குழந்தை. இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த அக்காவின் மாமியார் குழந்தையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நிதானமாகப் பேசினாள். படங்களைச் சுரண்டி எரித்துவிடுங்கள், சுற்றிப்போடுங்கள், மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் வந்து கூட்டிப்போகிறோம் என்றாள். அடுத்தது நன்றாகப் பிறக்கும் என்று அக்காவின் தலையைத் தடவிக்கூட விட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் அக்கா வயிறாரச் சாப்பிட்டாள்.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. படத்தைப் பார்த்தால் கால் மடங்குமா என்று குதித்தார். அம்மா கெஞ்சியும் கேட்கவில்லை. ஈரத்துணி வைத்துப் பறவையைப் பதமாக உரித்தெடுத்துச் சுருட்டி, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் அதை விரித்து, காலை வெட்டின கதையை ஆதியோடந்தமாக விளக்கினார். படத்தில் இருப்பதே பொய், அது எந்தப் பிள்ளையையும் ஒன்றும் செய்யாது என்று அடித்துச் சொன்னார்.

மாமியார் பொறுமையாகக் கேட்டாள். நம்பியும்விட்டாள்.

"படத்து மேல குத்தம் இல்லன்னா, குத்தம் உங்க வம்சத்துலதான இருக்குது? அடுத்ததும் இப்படித்தானங்க பொறக்கும்?"

அக்கா கல்யாணத்தில் காலை இழுத்து இழுத்து நடந்த என் பெரியப்பா அங்கிருந்த எல்லோருக்கும் அப்போது நினைவுக்கு வந்தார். அது லாரியில் அடிபட்ட கால் என்று அப்பா சொல்லச் சொல்ல யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒருவரும் வரவில்லை. தை பிறந்ததும் அக்கா வீட்டுக்காரருக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அப்பா மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பது கூடுதல் எரிச்சல்.

அக்கா அழவில்லை. குழந்தையை மடியில் போட்டுப் பாதத்தை நீவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

"அந்தப் படத்தாலதான்னே இருந்துட்டுப் போவட்டும்னு உட்டிருக்கலாமேப்பா. எங்களக் கூட்டினு போயிருப்பாங்க."