நாலு விரல் குறைந்த ஓவரோல்

போன கிழமை பைப்புக்கு வாசர் வாங்கலாமென்று கல்முனை பஸாரில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். வாசலில் நீல ஓவரோல்கள், மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த வேலை உடுப்புகள், வரிசையாகத் தொங்கின. புதுத் துணியின் கஞ்சி மணம் மூக்கில் ஏறியதும் என் கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது. கடைக்காரத் தம்பி அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டார்.

"யோசிக்காதீங்க காக்கா, எல்லாருக்கும் ஒரே அளவுதான். ஒங்களுக்கும் காணும்" என்றார்.

எல்லாருக்கும் ஒரே அளவாம். இதைக் கண்டுபிடித்த மேதை மனிதர்களை அளந்திருக்க மாட்டான். ஏதாவது துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மையை அளந்துவிட்டுப் படுக்கப் போயிருப்பான். பொம்மைக்கு வயிறுமில்லை, குனிந்து செய்யும் வேலையுமில்லை. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்: நெஞ்சும் வயிறும் ஆறடி ஆளுக்குரியவை; கால்கள் மட்டும் யாரோ குள்ளனிடம் இரவல் வாங்கியவை. "மேல லொறி, கீழ சைக்கிள்" என்பார் வாப்பா. பெற்ற மகனைப் பற்றி இப்படிச் சொல்ல அவருக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

இளம் வயதில் சவளக்கடைப் பக்கம் ஒரு நெல் மில்லில் பொயிலர் பார்த்தேன். உமியை எரித்து, நீராவி எடுத்து, நெல் அவிக்கிற வேலை. உடம்பெல்லாம் அவிந்த நெல் மணக்க வீட்டுக்குப் போனால் கோழிகள் பின்னால் வரும். சாறனும் பெனியனும்தான் எங்கள் கவசம். அப்படியிருக்க ஒரு நாள் மனேஜர் கொழும்பிலிருந்து ஓவரோல் இறக்கினார். எல்லாம் ஒரே அளவு. அப்படி எடுத்தால் மலிவாம். பாதுகாப்பைப் பற்றி எங்களுக்கு ஒரு பயானும் வைத்தார். அவர் தலையில் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. அதைக் கழற்றாமலே ஒபிஸில் காற்றாடிக்குக் கீழே இருந்து தேத்தண்ணீர் குடிப்பார். அங்கே அவர் தலையில் விழக்கூடியது ஒரு பல்லி மட்டும்தான்.

என்னோடு உமி போட்ட மாவடிப்பள்ளி ரஹீம் ஈர்க்கிலைப் போல மெலிந்தவன். அவனுடைய ஓவரோலுக்குள் இன்னொரு ரஹீம் குடியிருக்கலாம். சுருட்டிவிட்ட கைமடிப்பில் நெருப்புப் பொறி போய் உட்காரும், அவன் குதிப்பான். என்னுடையதோ காலில் தரையைக் கூட்டியது. நெஞ்சுப் பொத்தானும் அதன் துளையும் தூர நின்று ஸலாம் சொல்லிக்கொண்டனவே தவிர கைலாகு கொடுக்கவில்லை. எப்படியோ மூச்சைப் பிடித்துப் பூட்டிக்கொண்டேன்.

மில்லில் எல்லாரும் லுஹர் தொழுகைக்கு ஓவரோலைக் கழற்றிச் சாறன் உடுத்துவார்கள். அன்று ஜமாஅத் தொடங்கிவிட்டதென்று நான் அப்படியே போய் நின்றேன். நெற்றியைத் தரையில் வைக்க ஸுஜூதுக்குப் போனேன். பின்னால் டர்ரென்று கிழிந்தது. பின் ஸப்பு வரிசையில் நின்ற ரஹீமுக்குச் சிரிப்பு வந்து தொழுகை முறிந்துவிட்டது. அந்தப் பாவம் தைத்தவன் தலையில்.

என் மனைவி பரீதாவுக்கு என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அந்த உரிமை அவளுக்கு மட்டும். கோடு போட்ட என் தடித்த மருதமுனைச் சாறன் ஒன்றை வெட்டி, கிழிந்த இடத்தை அடைத்து, அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் பட்டி வைத்துத் தைத்தாள். பொத்தான்கள் கஷ்டமில்லாமல் பூட்டுப்பட்டன. குனிந்தேன், நிமிர்ந்தேன், மூச்சு விட்டேன். மனிதனுக்குத் தைத்த உடுப்பு அது ஒன்றுதான்.

மனேஜர் கண்டார். "என்ன இது, பெருநாள் உடுப்பா?" என்றார். அரிசி வாங்கும் பெரிய வியாபாரிகள் மில்லைப் பார்க்க வரப்போகிறார்களாம், படம் பிடிப்பார்களாம்.

"போட்டோல எல்லாரும் ஒரே கலர்ல நிக்கணும். அந்தக் கோட்டுச் சீலையக் கழட்டுங்க. ஏலாட்டி செல்லுங்க, ஓவரோலுக்கு ஏத்த ஆளப் பாப்பம்."

உடம்புக்கு ஏற்ற உடுப்பைத் தேடுவது மடையர்களின் வேலை. உடுப்புக்கு ஏற்ற உடம்பைத் தேடுவதுதான் நிர்வாகம். எனக்கு அந்தப் பொயிலரை விட்டால் வேறு தொழில் தெரியாது. அதன் இரைச்சலைக் கேட்டே அதன் சுகத்தைச் சொல்லுவேன். வேலை போய்விடுமே என்ற பயத்தில் பட்டியைப் பிரிக்கச் சொன்னேன்.

"ஒங்கட வயித்த விட அவருக்குப் போட்டோவா பெரிசு?" என்றாள் பரீதா. பிரித்து, இரண்டு பக்கத்தையும் திரும்ப ஒட்டத் தைத்தாள்; தையலுக்குள் போன துணியும் சேர்ந்து குறைந்தது.

வியாபாரிகள் வந்தார்கள். இந்த முறை மூச்சைப் பிடித்தும் பயனில்லை. நெஞ்சுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு ஓவரோல் வாய் பிளந்து நின்றது. அதன் மேல் கையைக் கட்டி மறைத்துக்கொண்டேன். என் நிற்பில் ஒரு கம்பீரம் இருப்பதாகப் படம் பிடித்தவர் சொன்னார். அவர்கள் போகும் வரை யாரும் உடுப்பைக் கழற்றக் கூடாதென்பது மனேஜரின் கட்டளை. அப்படியே பொயிலருக்குப் போனேன். வால்வைத் திருகுவதற்குக் கையை நீட்டியபோது நீராவிக் குழாயின் மூட்டு விட்டது. ரஹீம் என் கொலரைப் பிடித்து இழுத்ததும் தண்ணீரை ஊற்றியதும் மட்டும் நினைவிருக்கிறது.

மனேஜர் முந்திரிகைப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஓவரோல் போட்டிருந்ததாலதான் தப்பினீங்க தம்பி" என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யுமில்லை, அதுதான் ஆத்திரம். துணி இருந்த இடமெல்லாம் தப்பித்தான் இருந்தது.

அந்த மில் இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் ஒன்று நிற்கிறது. ரஹீம் மௌத்தாகிவிட்டான். ஒபிஸ் சுவரில் மாட்டியிருந்த படமும் எங்கே போனதோ தெரியாது. உமி எரிகிற மணம் அந்த றோட்டில் இல்லை. கோழிகளும் இப்போது என்னைக் கண்டுகொள்வதில்லை.

கடைக்காரத் தம்பி ஒரு ஓவரோலை இறக்கி என் தோளில் வைத்துப் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

"எவ்வளவு குறையும் காக்கா?" என்றார்.

போட்டிருந்த சேட்டைத் தூக்கிக் காட்டினேன். நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள் வரை வெந்த தழும்பு, நாலு விரல் அகலம், இரண்டு பக்கமும் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேரான கரை. அவர் உயரத்தில் மாட்டும் தடியை எடுத்து, ஓவரோலைத் திரும்ப மேலே கொழுவினார்.