வலன்சியாவில் செவ்வந்திச் சண்டை

வெயில் சாயத் தொடங்குகிறது. வலன்சியாவின் அகன்ற வீதியில் குதிரை வண்டிகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. கரையில் நிற்கும் சனம் வண்டியிலிருக்கும் பெண்களுக்குச் செவ்வந்திப் பூவால் எறிகிறது. பட்டுடுத்திய பெண்கள் டென்னிஸ் மட்டையால் அதைத் திருப்பி அடிக்கிறார்கள். கோடைத் திருவிழா இங்கே இப்படித்தான் முடியுமாம்.

எனக்கு நிற்க முடியவில்லை. கணுக்கால் வரை பூ. மிதிக்க மனம் வராமல் காலை எடுப்பதும் வைக்க இடம் தேடுவதுமாக இருக்கிறேன்.

"ஏன் அந்தரப்படுறியள்? எறியுங்கோவன்," என்கிறாள் மனைவி. அவள் எறிந்தது இருபதாவது இருக்கும்.

பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் என் கையில் ஒரு பூவை வைக்கிறார். "உங்கள் ஊரில் இந்தப் பூ இல்லையா?" என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்கிறார்.

"இருக்கிறது. சாமிக்கு வைப்போம். செத்தவரைக் கொண்டுபோகும்போது வீதியில் தூவுவோம்."

"நாங்களும் வீதியில்தானே போடுகிறோம்," என்று சிரிக்கிறார்.

மாசியில், ரொறன்ரோவில், அம்மாவின் சவப்பெட்டியோடு போன கார் நெடுஞ்சாலையில் நூறில் ஓடியது. கண்ணாடியை இறக்கக்கூட முடியாத குளிர். தூவ வாங்கிய செவ்வந்தி கடைசிவரை என் மடியிலேயே கிடந்தது.

அடுத்த வண்டி வருகிறது. அம்மாவுக்கென்று நினைத்துக்கொண்டு எறிகிறேன். வண்டியிலிருப்பவள் மட்டையை ஓங்கி ஒரே அடி. பூ என் நெஞ்சில் பட்டு, மறுபடியும் என் கையிலேயே விழுகிறது.