இவருடைய பதிவுகளை என்ன செய்ய?

நான் பெரியதோர் எழுத்தாளர் கூட்டத்தையே கட்டி மேய்ப்பதாக எங்கள் வீட்டில் அப்போது நம்பினார்கள். ஒசூருக்கு வரும் உறவினரிடம் என் கணவர், "இவ எடிட்டருங்க. இவ சரின்னாத்தான் எதுவும் வெளிய வரும்" என்பார். நான் மறுத்ததில்லை. உண்மையில் நான் நடத்திய வலைப்பூவில் எழுதியவர்கள் இருவரே: நானும், பக்கத்து ஜூஜுவாடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த ஒரு தோழியும்.

நூலகத்தில் பழக்கமானவள். வீட்டில் தெலுங்கு பேசுவாள், எழுதுவது தமிழில். தளத்தில் இருவருக்குமே வெளியிடும் உரிமை இருந்தது. ஆனாலும் தான் எழுதியதைத் தானே வெளியிடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒருத்தி வரைவாக வைப்பாள். மற்றவள் படித்துத் திருத்தி வெளியிடுவாள். ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் மட்டும் நிர்வாகியான என் பொறுப்பு.

ஒரு மாலை பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்தாள்.

"அக்கா, ஷிப்ட் பத்தி எழுதினேனே, எச்.ஆர். பாத்துட்டாரு. இன்னிக்கே எடுக்கலன்னா வேலை போயிடும்."

"அந்த ஒண்ண எடுத்துடறேன்."

"வேணாங்க்கா, என்னையே எடுத்துடுங்க. பஸ்ஸு, கேன்டீனு... கம்பெனிய விட்டா நான் வேற என்னத்த எழுதினேன்?"

போனை வைக்காமலே கணினியைத் திறந்து அவள் கணக்கை நீக்கப் போனேன். தளம் கேட்டது: இவருடைய பதிவுகளை அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா? வேறொருவர் என்று அங்கே இருந்தது நான்தான். அவளிடம் சொன்னேன்.

"மாத்திக்குங்க. ஓசியில நல்ல எழுத்தாளர் ஆயிடுவீங்க" என்று சிரித்தாள்.

கேன்டீன் வரிசையில் தட்டால் விசிறிக்கொண்டு நிற்கும் பெண்களைப் பற்றி அவள் எழுதியதை என் பெயரில் ஊர் படிக்க விட மனம் ஒப்பவில்லை. அழிக்கவும் கை வரவில்லை. முதலில் அவை வெளியார் கண்ணுக்குத் தெரியாதபடி எல்லாவற்றையும் 'தனிப்பட்டது' என்று மாற்றினேன். பிறகே என் பெயருக்கு எடுத்துக்கொண்டு அவளை நீக்கினேன்.

"அப்ப இனிமே யாருங்க்கா படிப்பாங்க?"

"நான் படிப்பேன்."

"அது போதுங்க்கா. பஸ்ஸு வந்துடுச்சு, வெக்கிறேன்."

அவள் வேலை நிலைத்தது. அதன்பின் அவள் எழுதவில்லை. எங்கள் பேச்சும் பண்டிகை வாழ்த்துகளாகச் சுருங்கிப்போயிற்று. என் வரைவுகள் படிப்பாரின்றி நெடுநாள் கிடந்தன. ஒருநாள், அவற்றில் ஒன்றை நானே வெளியிட்டேன். ஒரே பத்தி அதில் இருமுறை வந்திருந்தது. யாரும் சொல்லவில்லை, வெகுநாள் கழித்து நானே கண்டேன்.

தளத்தின் பயனர் பட்டியலில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.