கதிரையில் இருந்தபடி கல்யாணத்துக்குப் போய்வந்தவர்

அன்று காலை கடையைத் திறந்து, ஜன்னலைத் தள்ளிவிட்டு, மெஷினுக்கு மேல் கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. மரியதாஸ் அண்ணன். பிலோமினா அக்காவின் புருஷன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் ரயில் வருவதை அறிவிப்பதுபோல் ஒரே சீராகத்தான் சொல்வார்.

"லெச்சுமி, பிலோ காலமை போயிட்டா" என்றார்.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன். பிறகு அவரே தொடர்ந்தார்: "மலர்ச்சாலைக்குக் கொண்டு போகினம், அங்கதான் பெட்டியில வைப்பினம். சீலை நீதான் உடுத்திவிட வேணும். வேற ஆக்கள் உடுத்தினா அவ எழும்பி வந்து கழட்டித் திரும்ப உடுத்துவா."

அண்ணன் பகிடி விட்டு நான் அதுவரை கேட்டதில்லை. பகிடி விட்டுச் சிரிக்கவைப்பது எங்கள் மூவரில் என்னுடைய பங்கு. அன்றைக்கு அதை அவர் எடுத்துக்கொண்டார்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னதும் அவர்தான். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அளவோடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னவள். சரி, வாசிக்கப்போவது நீங்கள்தானே. எல்லோரும் பிலோமினா அக்காவை அறிந்தவர்கள். உங்களில் பாதிப்பேர் அவர் கையால் சீலை உடுத்தி மணவறைக்குப் போனவர்கள். மீதிப்பேர், அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார் என்று நினைத்துக் கடையில் காத்துக்கிடந்தவர்கள்.

அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கண்டியில் கட்டுகஸ்தோட்டை வீதியில், பாமசி மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அறை உங்களுக்குத் தெரியும். மணப்பெண்ணுக்குச் சீலைச் சட்டை தைப்பது, கல்யாணத்தன்று போய்ச் சீலை உடுத்திவிடுவது இரண்டும்தான் தொழில். பெண்ணும் சீலையும் வந்தால் அக்கா இரண்டையும் நன்றாகப் பார்ப்பார். எந்த மண்டபம், காலையா மாலையா, மணவறை எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று கேட்பார். பிறகு ஜன்னலோரக் கதிரையில் போய் இருந்துகொண்டு, "நான் உள்ளுக்குப் போயிட்டு வாறன், ஒருத்தரும் கூப்பிடாதேங்கோ" என்பார். அவ்வளவுதான். கண் திறந்திருக்கும். ஆனால் கீழே யானையும் மேளமுமாய்ப் பெரஹராவே போனாலும் தெரியாது. நான் வைத்த தேத்தண்ணி பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும். திரும்பி வந்ததற்கு அடையாளம், அந்த ஆறிய தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை அதன் பீரிசுத் தட்டில் 'டக்'கென்று வைப்பது. இடையில் யாராவது கூப்பிட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து போவார்.

நான் அதற்கு 'மெட்னி ஷோ' என்று பெயர் வைத்தேன். "என்னாக்கா, படம் முடிஞ்சிருச்சா? சண்டைக் காட்சி இருந்திச்சா?" என்று கேட்பேன். "இருந்தது. உன்னை ரெண்டு பேர் சேர்ந்து அடிச்சவை" என்பார்.

ஒருமுறை அக்குறணையிலிருந்து ஒரு முஸ்லிம் உம்மா மகளைக் கூட்டிவந்திருந்தார். அக்கா கதிரைக்குப் போய்விட்டார். அந்த உம்மா கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என்னிடம் மெதுவாக, "இவங்களுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். "இல்லைங்க ராத்தா, இவங்க இப்ப உங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. பிரியாணி முடிஞ்சதும் வந்துருவாங்க" என்றேன். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பியே விட்டார். அந்த நேரம் பார்த்து அக்கா திரும்பினார். கோப்பையைக்கூடத் தொடவில்லை.

"மாப்பிள்ளையின்ர தாய் நெட்டையோ, கட்டையோ?"

"கட்டைதான். ஏன் கேக்கிறீங்க?"

"அவ மாலை போட வரேக்க உங்கட மகள் குனியவேணும். குனிஞ்சா தலைச்சீலை முன்னுக்கு வழுகி விழுது. இப்பதான் பார்த்தனான். அவவின்ர உயரம் தெரியாமல் அதுக்கு மேல போகேலாமல் வந்திட்டன்."

உம்மா மறுபடி இருந்துவிட்டார். தலைச்சீலையில் ஊசிப்பின் குத்தும் இடத்தை அக்கா காதுக்குப் பின்னால் மாற்றினார். கல்யாணம் முடிந்த கிழமை எங்களுக்கு ஒரு தட்டு வட்டிலப்பம் வந்தது. மாமி மாலை போட்டபோது ஒரு நூல்கூட அசையவில்லையாம்.

பகற்கனவு காண்கிறவர்களை நாம் சோம்பேறி என்போம். அக்கா அதை ஒத்துக்கொள்ளமாட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கனவு எங்களை இழுத்துக்கொண்டு போனா அது நித்திரை. நாங்கள் கனவை இழுத்துக்கொண்டு போனா அது வேலை." அவர் உள்ளே போனால் பெண்ணை நடக்கச் சொல்வார், நிற்கச் சொல்வார், சட்டையின் நிறத்தை மாற்றிப் பார்ப்பார். படம் பிடிப்பவரின் இடத்தில் நின்று பார்ப்பார், கடைசி வரிசையில் குறை சொல்லக் காத்திருக்கும் மாமிமாரோடும் போய் இருந்து பார்ப்பார். அவ்வளவு தூரம் போனாலும், தான் கதிரையில் இருப்பது தெரிந்துகொண்டே இருக்க வேண்டுமாம். அது மறந்தால் நித்திரைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தமாம்.

இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கல்யாணம் முடித்துக் கண்டிக்கு வந்த சில வருடங்களில் யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிப்போனது. தாயைப் பார்க்கப் போக வழியில்லை. வெளியே மழை, உள்ளே இந்தக் கதிரை. அதில் இருந்துகொண்டு பஸ்சால் இறங்கி, தெருவால் நடந்து, ஒவ்வொரு வீடாகத் தாண்டித் தாயின் வீட்டுக்குப் போய்வரப் பழகினாராம். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போகமாட்டாராம். பாதை திறந்து உண்மையாகவே போய்வந்தபோது முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். "என்ர தெருவை மாத்திப்போட்டாங்களடி. வாசல் கேற்றுக்குப் புதுப் பெயின்ற்." எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "உங்ககிட்ட கேட்டுட்டா பெயின்ற் அடிப்பாங்க?" என்றேன். அந்தக் கேற்றை நான் பிறகு நினைக்க வேண்டி வந்தது.

எனக்கும் சொல்லித்தரப் பார்த்தார். கலகெதரையில் ஒரு கல்யாணம் முடித்து பஸ்சில் வந்துகொண்டிருந்தோம்.

"ஒரு கதிரையை நினை" என்றார்.

"நெனைச்சிட்டேன்."

"என்ன நிறம்?"

"நிறம் எங்க இருக்கு? கதிரைன்னு சொல்லுது, காட்ட மாட்டேங்குது. என் மண்டைக்குள்ள ரேடியோதான்க்கா, டீவி இல்ல."

பஸ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு, "அப்ப ரேடியோவில இருந்து தொடங்கு. கதிரையை இழு. சத்தம் கேக்குதோ?" என்றார். கேட்டது. சீமெந்துத் தரையில் கதிரைக் கால் உரசும் சத்தம், பல்லைக் கூச வைப்பதுபோல. "நல்லது. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டிரு, கால் தெரியும்" என்றார். அதற்குள் கட்டுகஸ்தோட்டை வந்துவிட்டது. கால் தெரியவில்லை. அதற்குப் பிறகும் நான் பகிடி விடுகிறவளாகவும் அவர் போய்வருகிறவராகவும்தான் இருந்தோம்.

பிறகு அவருக்கு இதயம் பலவீனம் என்றார்கள். படி ஏறக்கூடாது என்றார் டொக்டர். மாடியில் இருந்த கடை அதோடு என் கைக்கு வந்தது. அக்கா வீட்டுக் கட்டிலோடு. அந்த நேரத்தில்தான் என் மகள் சுகந்திக்குக் கல்யாணம் பேசி முடிந்தது.

பிறந்ததிலிருந்தே சுகந்திக்கு அக்காதான் சீலை கட்டிவிடப்போகிறார் என்று முடிவு. வேறு யாரும் வேண்டாம் என்று அவள் ஒரே பிடி. நான் எத்தனையோ பெண்களுக்கு ஊசிப்பின் குத்தியவள்தான். ஆனால் என்ன பிழைக்கும் என்பதை முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவர் வேலை. நான் அவர் பார்த்ததைக் குத்துகிறவள். என் மகளுக்கென்று வந்தபோது தனியாக உடுத்தத் துணியாமல் அக்காவின் கட்டிலடிக்குப் போனேன். எங்கள் கல்யாணங்களில் கூறைச்சீலையை மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுவருவார்கள். மணவறையில் பெண் கையில் கொடுப்பார்கள். அதை முதன்முதலாகக் காண்பதே அப்போதுதான். வாங்கிக்கொண்டு உள்ளே ஓடி, கட்டியிருப்பதை அவிழ்த்து, கூறையை உடுத்தி, முகூர்த்தம் தாண்டுமுன் திரும்பி வர வேண்டும். தாலியோடு மாப்பிள்ளை காத்திருப்பார். சீலை கட்டத் தெரிந்தவர்களே தடுமாறும் இடம் அது.

அக்கா கட்டிலில் சாய்ந்தபடியே உள்ளே போனார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த மண்டபம் அவருக்குத் தெரியும், பலமுறை வேலை செய்த இடம். திரும்பி வந்து எல்லாம் சொன்னார். மணவறைக்கு இடது பக்கத்து அறை. கதவு உள்பக்கமாகத் திறக்கும், அதன் பின்னால் நிற்காதே. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்து. கொசுவத்தைத் தரையில் உரச விடு, சம தரைதானே, நடக்கும்போது அழகு.

கல்யாணத்தன்று கூறையை வாங்கிக்கொண்டு இடது பக்கம் ஓடினோம். அங்கே அறை இல்லை. சுவரை உடைத்துச் சாப்பாட்டு மேசை போட்டிருந்தார்கள். பெண் உடுத்தும் அறையை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். எனக்கு அந்தப் புதுப் பெயின்ற் அடித்த கேற் ஞாபகம் வந்தது. அக்கா போய்வந்தது பழைய மண்டபத்துக்கு.

மேலே போய், அக்கா சொன்னபடியே கொசுவத்தைத் தரை உரசக் கட்டினேன். நல்ல கனமான பட்டு. எல்லாம் சரி, ஆனால் ஏதோ சரியில்லை. வெளியே மாப்பிள்ளையின் அத்தை கதவைத் தட்டினார். "என்னாங்க, நேரம் போகுதுங்க, பொண்ணு வருதா இல்லையா?" நான் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன். சுகந்திக்கு அழுகை வரப்பார்த்தது. "அம்மா, என்னம்மா செய்றீங்க?"

"சத்தம் போடாத. நான் கல்யாணத்துக்குப் போயிருக்கேன்."

பகிடி இல்லை. இழுத்த கதிரையின் சத்தம் காதில் இருந்தது. அதிலிருந்து கொலுசுச் சத்தத்துக்குப் போனேன். கொலுசு அறையைத் தாண்டி, படியில் இறங்குகிறது. ஒரு படி, அடுத்த படி. பிறகு கொலுசு நின்றது. ஏன் நிற்கிறது என்று பார்க்கக் குனிந்தேன், அப்போது கால் தெரிந்தது. மருதாணி வைத்த பெருவிரல், கொசுவத்தின் மேல். அடுத்த எட்டு வைத்தால் சீலையோடு கீழே.

எழும்பிக் கொசுவத்தை ஒரு விரல் அளவு தூக்கி உள்ளே இரண்டு பின் குத்தினேன். கீழ்ப்படியில் இறங்கியதும் குனிந்து பின்களைக் கழற்றிவிட்டேன். தரை உரச, அக்கா பார்த்தபடியே, என் மகள் மணவறைக்கு நடந்தாள்.

அடுத்த நாள் அக்காவிடம் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே முழுக் கல்யாணத்தையும் சொன்னார், சாம்பாரில் உப்புக் குறைவு என்பது உட்பட. அதுவும் உண்மைதான். பிறகு நான் மாடிப்படியைப் பற்றிச் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது.

"என்ர கல்யாணத்தில படி இல்லையே."

"இப்ப இருக்குதுக்கா."

"கைபிடி எந்தப் பக்கம்?"

வலது என்றேன். படி மரமா சீமெந்தா என்று கேட்டார். திரும்பும் இடத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு உள்ளே போய்விட்டார். வாய் நிறைய இருந்த பகிடியை விழுங்கிக்கொண்டு தேத்தண்ணி வைத்தேன். தேத்தண்ணி ஆறியது. கோப்பை பீரிசில் பட்டது.

"இறங்கி வந்திட்டாள். வடிவாயிருக்கிறாள்" என்றார். பிறகு, "அவளைக் கூட்டிக்கொண்டு வர நானும் மேல ஏறினனான். மூச்சே வாங்கேல்லையடி."

அண்ணன் கூப்பிட்ட அன்று மலர்ச்சாலையில் அக்காவின் சொந்தக் கூறைச்சீலையை என் கையில் தந்தார்கள். மடித்த இடமெல்லாம் பட்டு இற்றுப்போயிருந்தது. கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். "அவவுக்கு என்ன, தலை சுத்துதோ?" என்று ஒரு பெண் கேட்டார். கதவடியில் நின்ற மரியதாஸ் அண்ணன் சொன்னார்:

"சத்தம் போடாதேங்கோ. அவ உள்ளுக்குப் போயிருக்கிறா."

கோப்பைச் சத்தத்திலிருந்து தொடங்கினேன். திருப்பலி நடக்கப்போகும் கோவிலின் வாங்குப் பெஞ்சுகள் தெரிந்தன. நான் கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்தில் அக்காவையும் கூட்டிவந்து இருத்தினேன். அவர் தானாக வந்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் நான்தான் கூட்டிவந்தேன், அது தெரிந்தேதான் செய்தேன். முன்னால் ஆட்கள் வரிசையாகப் போய்க் குனிந்து பெட்டியில் கிடந்த அக்காவின் நெற்றியைத் தொட்டார்கள், நெட்டையானவர்களும் கட்டையானவர்களும். ஒவ்வொருவர் குனிந்து தொடும்போதும் பெட்டியில் அவர் தோளில் முந்தானை வழுகியது. பின் குத்தினால் பட்டுக் கிழியும். "தை" என்றார் அக்கா. "ஒரு விரல் மேல."

எழும்பி, இடது தோளில் ஒரு விரல் மேலே, நூலால் தைத்தேன். கொசுவத்தை வேண்டிய நீளத்துக்குத் தாராளமாக விட்டேன். என் கையால் உடுத்திய பெண்களில் சீலையை மிதிக்காமல் போகப்போகிறவர் இவர் ஒருவர்தான் என்று அவர் காதில் சொன்னேன். திருப்பலியில் எல்லோரும் குனிந்தார்கள். நீங்கள் பார்த்தீர்கள், ஒரு நூல்கூட அசையவில்லை.

அவருடைய கத்தரிக்கோலையும் மெஷினையும் அண்ணன் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார், நான் கதிரையை மட்டும் கேட்டேன். அது இப்போதும் அந்த ஜன்னலோரம்தான் இருக்கிறது. பெண்ணையும் சீலையையும் பார்த்துவிட்டு அதில் போய் இருக்கிறேன். மடவளை பஸ்காரர் கீழே கூவுவது மெல்ல மெல்ல நிற்கும். மண்டபம் வரும். ஒருநாளும் தனியாகப் போவதில்லை. படியிருந்தால் அக்காவை முன்னால் ஏறவிட்டு, நான் பின்னால் மூச்சு வாங்க ஏறுகிறேன்.