நீரோடு ரத்தமும் கேட்ட சரோஜா மேடம்

போன வியாழக்கிழமை காலை வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது லேபிலிருந்து போன் வந்தது. "சிஸ்டர், நம்ம சரோஜா மேடம் தவறிட்டாங்க" என்றார் டெக்னீஷியன். கையிலிருந்த மாத்திரையை யாருக்குக் கொடுக்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

எங்கள் மருத்துவமனையின் உயிர்வேதியியல் மருத்துவர் அவர். ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் வருவார். நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுத்து அனுப்பினால், கூடவே அன்றைய ரத்தமும் வரவேண்டும். வராவிட்டால் உடனே போன்: "மாப்பிள்ளை வந்துட்டாருங்க, பொண்ணு எங்கீங்க சிஸ்டர்?" எனக்கு எரிச்சலாக வரும். வேலை நேரத்தில் கல்யாணப் பேச்சு என்ன வேண்டிக்கிடக்கிறது? நீர், ரத்தம் இரண்டிலும் உள்ள புரதத்தை ஒப்பிட்டால்தான், இதயமோ சிறுநீரகமோ தளர்ந்து ஊறிய நீரா, காசநோய், புற்றுநோய் போன்றவற்றால் கசிந்த நீரா என்று பிரிக்கமுடியும் என்பார். எங்கள் நர்ஸ்களில் இதற்காக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யார்?

சென்ற ஆண்டு என் வீட்டுக்காரருக்கே நெஞ்சில் நீர் கோத்தது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பஞ்சுத் தூசிதான் காரணம் என்றார்கள் சொந்தக்காரர்கள். சோதனையில் நீரில் புரதம் கூடுதல், அதாவது கசிந்த நீர். காசநோயில் கூடும் ஏடிஏ என்ற நொதி குறைவாக இருந்ததால் அதற்கு வாய்ப்பு குறைந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் மார்பு மருத்துவர். புற்றுநோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. இத்தனை வருடம் நர்ஸாக இருப்பவளுக்குச் சொல்லவா வேண்டும்? லேப் வாசலில் நின்று அழுதேன்.

மேடம் வெளியே வந்தார். "ஏனுங்க, அண்ணன் நீர் பிரியற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாருங்களா?"

கால் வீக்கத்துக்காகச் சாப்பிடுகிறார் என்றேன்.

"அது தண்ணிய வத்த வெச்சு, மிச்சத்தக் கெட்டியாக்கிப் போடுமுங்க. அப்பக் கணக்கு ஏமாத்தும். பொறு கண்ணு, இன்னொருக்கா பாக்கறேன்."

ரத்தத்திலும் நீரிலும் அல்புமின் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்த்தார். இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் புரோபிஎன்பியையும் சோதித்தார். வித்தியாசம் பெரிது, அப்படியானால் இது ஊறிய நீர்தான்; புரோபிஎன்பியும் மிக அதிகம். மார்பு மருத்துவரை அழைத்துப் பேசினார். எக்கோவிலும் இதயம் பலவீனம் என்றே வந்தது. துணுக்கு எடுக்கும் பேச்சு அதோடு நின்றது. "இதுவும் சின்ன வியாதி இல்லீங்க. ஆனா வைத்தியம் இருக்குதுங்க" என்றார். நான் மறுபடியும் அழுதேன், நிம்மதியில்.

அதன்பிறகு என் வீட்டுக்காரரை எங்கே பார்த்தாலும், "அண்ணா, ஊறுகாயக் கண்ணால பாக்கறதோட நிறுத்திக்கோணுமுங்க" என்பார். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். "பாக்கதுக்கும் உப்பு ஏறுமா மேடம்?" என்பார் இவர். இருவரும் சிரிப்பார்கள். ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைக்கும் வேலை என்னுடையது என்பதால் எனக்குச் சிரிப்பு வராது.

ஊத்துக்குளியில் அவரை எடுத்தபோது என் வீட்டுக்காரர் முன்னால் போய்த் தோள் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். தெருமுனைவரை சுமந்து, தோள் மாற்றிவிட்டு என்னிடம் நடந்து வந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. மேடம் எனக்கென்று விட்டுப்போனது இந்த மனிதரைத்தான்.