அம்மா கைதான கார்த்திகை

எங்கள் அம்மா வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கைதாகியிருக்கிறாள். கைது செய்ய வந்தவர் எங்கள் அப்பா. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் இப்போது சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை நான், பயம்தான் வந்தது.

பழனிசெட்டிபட்டியைத் தாண்டிக் கம்பம் போகிற ரோட்டோரத்தில் எங்கள் காலனி இருந்தது. வீடுகள் ரோட்டுக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். மற்ற மாதங்களில் பெரிய தொந்தரவு இல்லை. பஸ் வரும், வாழைத்தார் ஏற்றிய லாரி வரும், போகும். கார்த்திகை பிறந்து ஆட்கள் மாலை போட ஆரம்பித்துவிட்டால் அந்த ரோடு வேறு ரோடாகிவிடும். சபரிமலைக்குப் போகிற வேன்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ கிளம்பி, ராத்திரியெல்லாம் தூங்காத டிரைவர்களோடு, குமுளியைப் பிடிக்கிற அவசரத்தில் பறக்கும். சாமி கும்பிடப் போகிறவர்களை யார் திட்டுவது? பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்குவார்கள். பிள்ளைகள் நாங்கள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே ஓடிக் கடப்போம்.

அந்த வருடம் எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பிள்ளை அப்படி ஓடியபோது ஒரு வேன் அடித்துவிட்டது. நாலாம் வகுப்புப் பிள்ளை, ஏறக்குறைய என் உயரம்தான் இருப்பாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. அவளுடைய அம்மாவின் அழுகைச் சத்தம் தெருவுக்குள் நுழைந்ததும், எங்கள் அம்மா அடுப்பை அணைக்காமலே ஓடியதும்தான் நினைவில் இருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு வேகத்தடை போடச் சொல்லி ஊரார் அதற்கு முன்பே பல தடவை மனுக் கொடுத்திருந்தார்கள். 'சீசன் முடியட்டும், சாமி வண்டிகளுக்கு இடைஞ்சல் வரக் கூடாது' என்பதுதான் கிடைத்த பதில். காரியம் முடிந்த மறுநாளே காலனிப் பெண்கள் கூடிப் பேசி மறியல் என்று முடிவு செய்தார்கள். ஆண்கள் உட்கார்ந்தால் அடி விழும், பிள்ளைகளோடு பெண்கள் உட்கார்ந்தால் கை வைக்க யோசிப்பார்கள் என்பது எதிர்வீட்டு அத்தையின் கணக்கு.

எங்கள் வீட்டில் இதில் ஒரு சங்கடம் இருந்தது. அப்பா போலீஸ்காரர். அதே பகுதி ஸ்டேஷனில்தான் கான்ஸ்டபிள் வேலை. போலீஸ்காரர் பெண்டாட்டி மறியலில் உட்கார்ந்தாள் என்று மேலே தெரிந்தால் மெமோ கொடுப்பார்கள், கண்காணாத ஊருக்குத் தூக்கியடிப்பார்கள், இன்னும் கோபம் வந்தால் சீருடையையே கழற்றச் சொல்வார்கள். அப்பாவின் சம்பளத்தைத் தவிர எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மறியல் நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "வேல போயிரும், பாத்துக்க" என்று அப்பா சொன்னது காதில் விழுந்தது. "போனாப் போகட்டும். நா உக்காரத்தான் போறேன்" என்றாள் அம்மா. அப்பா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சாப்பிடாமல் சைக்கிளை எடுத்தார். அப்பா தடுக்கிறார், அம்மா மீறுகிறாள் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிப் போனாள்.

ரோட்டின் நடுவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நின்று பார்த்தால் தெரியாத அகலம், உட்கார்ந்தால் தெரியும். அம்மா மடியில் நான். பக்கத்தில், அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த அந்த அம்மா. அவர் அழவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. எங்களைச் சுற்றிக் காலனிப் பெண்கள். முதலில் வந்த வேன் ஹாரனை அடித்துக்கொண்டே வந்து, என் காலில் சூடு அடிக்கிற தூரத்தில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் பஸ், லாரி. கறுப்பு வேட்டிக்காரர்கள் இறங்கி வந்து சத்தம் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் ஒரு வயதான குருசாமி மட்டும் வண்டிக்குத் திரும்பாமல் எங்கள் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் போலீஸ் வேன் வந்து நிற்கும் வரைதான் இருந்தது. முதலில் இறங்கியவர் சீசன் பந்தோபஸ்துக்காக வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த எஸ்.ஐ. அவருக்கு எங்கள் ஊரில் யாரையும் தெரியாது. அவர் பின்னால் லத்தியோடு நாலைந்து பேர். அதில் ஒருவர் அப்பா.

நான் "அப்பா" என்று வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

"எல்லாரும் எந்திரிங்கம்மா. ரோட்டுல உக்காந்தா கேஸாகிப் போகும். மனு குடுங்க, நடவடிக்கை எடுப்பாங்க" என்றார் எஸ்.ஐ.

"மனுக் குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு சார்" என்றாள் எதிர்வீட்டு அத்தை. "பிள்ளையப் பறிகுடுத்தவ இங்கன உக்காந்திருக்கா. கேஸுன்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

எஸ்.ஐ. அந்த முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வயர்லெஸ்ஸில் யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். வண்டி வரிசை தேனி வரைக்கும் போய்விட்டது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். எஸ்.ஐ. திரும்பி அப்பாவைப் பார்த்து, "எழுப்புய்யா" என்றார்.

அப்பா நேராக எங்களிடம் வந்தார். லத்தியின் நுனி அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் வந்து நின்றது. அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே எழும்பினால் அம்மா மேல்தான் விழும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"ஏம்மா, எந்திரிம்மா. ஒன்னையத்தான்" என்றார் அப்பா. முன்பின் தெரியாத பொம்பளையிடம் பேசுகிற குரல். கண் எங்கள் பக்கமே இல்லை. எங்கள் தலைக்கு மேலே இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"முடியாது. ஆனதப் பாருங்க" என்றாள் அம்மா. அவளும் அவரை யாரோ போலத்தான் பார்த்தாள். அவ்வளவுதான், நம் வீடு முடிந்து போனது என்று நினைத்தேன். இனி இவர்கள் ஒரே வீட்டில் சாப்பிட மாட்டார்கள், நான் யாரோடு இருப்பது என்று கேட்பார்கள், நான் அம்மாவோடுதான் என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் அந்த ரோட்டிலேயே யோசித்து முடித்துவிட்டேன்.

"ஏத்துங்கய்யா வேன்ல" என்றார் எஸ்.ஐ.

பொம்பளைப் போலீஸ் வந்து பெண்களைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரே கூச்சல். வளையல்கள் உடைந்தன. என்னை அம்மா மடியிலிருந்து யாரோ பிடுங்கித் தூக்கினார்கள். காக்கிச் சட்டையின் வாசனையிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அந்தக் கையைக் கடித்தேன். பல் பதிந்தது. அப்பா கையை உதறவில்லை. என்னை வேனுக்குள் அம்மா பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறியல் செய்கிறவர்களைக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைப்பதும், மதியம் சோறு போட்டுச் சாயங்காலம் விட்டுவிடுவதும் நம் ஊர் வழக்கம். எங்களை வைத்த மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் மாப்பிள்ளை பெண் பெயர்கள் தெர்மாகோலில் மின்னிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே நாற்காலி போட்டு எஸ்.ஐ. உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார், ஓர் ஏட்டு எழுதினார். பெயர், அப்புறம் வீட்டுக்காரர் பெயர். இந்த இரண்டாவது கேள்வி வந்ததும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். அந்த ஏட்டு அப்பாவோடு தினம் டீ குடிக்கிறவர். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். அவரும் தலையை நிமிர்த்தவில்லை.

அம்மாவின் முறை வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த அந்த அம்மா மண்டபத்திலும் அவள் தோளில்தான் சாய்ந்திருந்தார். அம்மா தன் பெயரைச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

"புருசன் பேரச் சொல்றது எங்க வழக்கத்துல இல்ல சார்."

நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அப்பா அவளுக்குச் சொந்த அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே பெயர் சொல்லிச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். கோபம் வந்தால் அப்பாவின் பெயரைத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிடுவாள். அவளுக்கா வழக்கம்!

எஸ்.ஐ. சலித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "பாப்பா, நீ சொல்லு. உங்கப்பா பேரு என்ன?"

அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. பின்னால் எதிர்வீட்டு அத்தை இருமினாள். அந்த நேரம் பார்த்து அப்பா, தக்காளிச் சோற்றுப் பொட்டலங்கள் அடுக்கிய கூடையோடு வாசல்படியில் வந்து நின்றார். நின்றவர் அப்படியே நின்றார். அப்போதும் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எனக்குள் சேர்ந்திருந்தது அந்தப் பார்வையில் பொங்கிவிட்டது.

"எங்களுக்கு அப்பா இல்ல. எங்கள விட்டுட்டு ஓடிப் போயிட்டாக" என்றேன். சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

"ஆமா சார், பாவம்" என்றாள் அத்தை உடனே. "தனியாக் கெடந்து அல்லாடுறா."

எஸ்.ஐ. அம்மாவின் தாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. வாசலில் நின்ற அப்பாவிடம், "பாத்தியாய்யா? பொண்டாட்டி பிள்ளைய இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போறவனையெல்லாம் என்ன பண்ணலாம்?" என்று கேட்டார்.

"தோல உரிக்கலாம்ங்கய்யா" என்றார் அப்பா விறைப்பாக.

ஏட்டு குனிந்த தலையோடு எதையோ எழுதினார். அவருடைய தோள் குலுங்கியது. அப்பா பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கு இரண்டு வைத்தார். நான் இரண்டையும் தொடவில்லை.

சாயங்காலம் ஒரு பெரிய அதிகாரி வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வேகத்தடை போடுவதாக எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். எங்களை விட்டுவிட்டார்கள். சொன்னபடியே போட்டும் விட்டார்கள். அதற்கப்புறம் சாமி வண்டிகள் எங்கள் ஊருக்கு முன்னால் முக்கி முனகி ஏறி இறங்கித்தான் போயின.

விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்று, "ஓடிப் போன ஆளுக்கு இந்த வீட்ல சோறு கெடைக்குமா?" என்று கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டு அத்தை அங்கிருந்தே, "அண்ணே, ஒங்க சட்டையக் காப்பாத்துனது ஒங்க மகதான்! அவ வாயத் தொறந்து பேரச் சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி!" என்று கத்தினாள். ஆளாளுக்கு என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். நான் கெட்டிக்காரத்தனமாக எதையும் செய்யவில்லை. மனசில் இருந்ததைச் சொன்னேன். அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா சோறு போட்டு வைத்தும் வெகுநேரம் கீழே இறக்கவில்லை.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா மிச்சத்தைச் சொன்னாள். மறியலுக்கு உட்காரச் சொன்னதே அப்பாதானாம். "நாங் கேட்டா அது வெறுங் காயிதம். நீங்க உக்காந்தாத்தான் ரோட்டுக்குத் தெரியும்" என்றாராம். பெயர் மட்டும் வெளியே வந்துவிடக் கூடாது என்பதுதான் மறியல் நாள் காலையில் அடுப்படியில் நடந்த பேச்சாம். அந்தப் பிள்ளை அடிபட்ட அன்றைக்கு முதலில் போய் இறங்கியதும் அவர்தான். எனக்குக் காய்ச்சல், நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது ராத்திரி டூட்டியிலிருந்து திரும்பாத அவருக்குத் தெரியாது. கவிழ்ந்து கிடந்தது என் உயரம், என் யூனிஃபார்ம், என்னைப் போலவே மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. திருப்பிப் பார்க்கும் வரைக்கும் அது நான்தான் என்று நினைத்திருக்கிறார். திருப்பிப் பார்த்ததும் "அப்பாடா" என்று சொல்லிவிட்டாராம். வாய்விட்டே சொல்லிவிட்டாராம். நிமிர்ந்தால் எதிரே அந்தப் பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்கு ரோட்டிலும் மண்டபத்திலும் அப்பா எங்களைப் பார்க்கவில்லை என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் திரும்பினால், அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த அந்தத் தாயின் முகத்தையும் அப்பா பார்க்க வேண்டியிருந்திருக்கும்.